உயிர் காக்கும் கருவி நம் அலைவரிசைக்கு வந்தால் ஹாம்கள் ஒதுங்க வேண்டுமா?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. பொழுதுபோக்காக ரேடியோவில் பேச அரசு லைசென்ஸ் பெறுகிறவர்களை ஹாம் என்பார்கள்; அந்தத் தேர்வு எழுதிவிட்டு லைசென்ஸுக்குக் காத்திருக்கிறார். அமெரிக்காவில் போலீஸார் பயன்படுத்தும் ஒரு சின்ன ரோபோவுக்கு, ஹாம்கள் பேசும் 70 சென்டிமீட்டர் பேண்டில் (430 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள்) இடம் கொடுத்தார்களாம். அங்குள்ள ஹாம்கள் அதை எதிர்த்தார்களாம். "பொழுதுபோக்குக்காகப் பேசுகிறவர்கள் உயிர் காக்கும் கருவிக்கு இடம் விடமாட்டோம் என்பது நியாயமா? ஒக்கியைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இது உறுத்துகிறது. நாளை நம்ம கடற்கரைக்கும் அப்படி ஒன்று வந்தால் நாம் எந்தப் பக்கம்?" என்கிறார்.

கருவியின் பக்கம்தான், தம்பி. அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆனால் கருவியின் பக்கம் நிற்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதைக் கொண்டுபோய் வைத்திருக்கும் இடத்தில் அது வேலை செய்யுமா? அமெரிக்க ஹாம்கள் எழுப்பிய எதிர்ப்பில் பாதி இந்தக் கேள்விதான். "எங்கள் இடத்தைப் பிடுங்குகிறார்கள்" என்பது மீதிப் பாதி. இரண்டும் ஒன்றாகக் கலந்து வெளியே வந்ததால் முதல் பாதி பலர் காதில் விழவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ரெகான்ஸ்கவுட் என்று ஒரு ரோபோ. உடற்பயிற்சி டம்பெல் அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் கேமரா. ஆயுதத்தோடு ஒருவன் பதுங்கியிருக்கும் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக இதை வீசிவிடலாம். உள்ளே உருண்டு போய்ப் படம் அனுப்பும். வெளியே நிற்கும் காவலர் கையிலுள்ள சின்னத் திரையில் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார். நல்ல கருவி, அதைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2010 பிப்ரவரியில் வழக்கமான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்து, 430 முதல் 448 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் இது இயங்கலாம் என்றது. ஹாம்களின் தேசியச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். மறுபரிசீலனை கேட்டு மனு போட்டது.

ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரில் பட்டால் சோர்ந்துவிடும். 430-ஐ ஒட்டிய அலை அதைவிட நன்றாகச் சுவரைத் தாண்டி வரும். அதற்காகக் கீழே இறங்கி 30, 40 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் ஆன்டெனா ரோபோவை விடப் பெரிதாகிவிடும். அதனால் 400 சொச்சம் என்பது இப்படிப்பட்ட கருவிக்கு அளவெடுத்துத் தைத்த இடம். ஆனால் அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் 420 முதல் 450 வரை முதல் உரிமை அரசின் ராடார்களுக்கு. ஹாம்கள் அங்கே இரண்டாம் நிலையில் இருக்கிறார்கள். ரிப்பீட்டர்கள் (வாங்கிய குரலைப் பெரிய சக்தியோடு திருப்பி அனுப்பும் நிலையங்கள்), செயற்கைக்கோள் தொடர்பு, ஹாம் தொலைக்காட்சி, நிலவில் அலையைப் பட்டுத் தெறிக்கவைத்துப் பேசுகிறவர்கள் என்று பல வகை ஆட்கள். நிலவு வழியாகப் பேசுகிறவர் அந்த நாட்டு விதிப்படி 1500 வாட் வரை போகலாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான், சின்ன பேட்டரியில் ஓடும் ஒரு கேமராவை இறக்கிவிட்டார்கள்.

இந்த 'இரண்டாம் நிலை' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், லைசென்ஸ் வந்ததும் உங்களுக்கும் இது பொருந்தும். ரிசர்வேஷன் பெட்டியில் காலி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பயணியின் நிலை அது. சீட்டுக்காரர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அவரால் உங்களுக்கு இடைஞ்சல் என்று புகார் சொல்ல முடியாது. உங்களால் அவருக்கு இடைஞ்சல் வரவே கூடாது. நம் நாட்டில் 70 சென்டிமீட்டர் பேண்டில் நமக்குக் கிடைப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை, இந்த நிலையில்தான். 2 மீட்டர் பேண்ட் அப்படியல்ல. 144 முதல் 146 வரை உலகம் முழுவதும் ஹாம்களுக்கே முதல் உரிமையுள்ள இடம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடைசிவரை உங்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

ரோபோவுக்குக் கொடுத்த அனுமதியிலும், அது ராடார்களுக்கு இடையூறு செய்யக்கூடாது, தனக்கு வரும் இடையூறைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காகிதத்தில் இது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கிக்கொள்ள வேண்டியது யார்? அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவலர். படம் கலங்கினால் அது பேட்டரி போனதாலா, சுவராலா, மூன்று தெரு தள்ளி ஒருவர் மைக்கை அழுத்தியதாலா என்று அவருக்குத் தெரியாது. மைக்கை அழுத்தியவருக்கும் தெரியாது. இதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. ஒதுங்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், எதிரே ஆள் இருப்பது தெரிந்தால்தானே ஒதுங்க முடியும்? தரையிலுள்ள பெரிய ராடார் ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் இருப்பிடம் தெரியும், யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரியும். வீசி எறியும் ரோபோ இன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? போலீஸ் அதை முன்கூட்டி அறிவிக்கவும் முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம்ம ஊரிலேயே வைத்துக்கொள்வோம். நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஒரு பழைய கட்டடம் இடிந்துவிட்டது, உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார் என்று வையுங்கள். அரை வாட் சக்தியுள்ள கேமரா ஒன்றை உள்ளே அனுப்புகிறார்கள். படத்தை வாங்கும் பெட்டி 100 மீட்டர் தள்ளித் தெருவில் இருக்கிறது. அதே அலைவரிசையில் ஒரு ஹாம் 25 வாட்டில் மொட்டைமாடியிலிருந்து பேசுகிறார். சக்தியில் அவர் 50 மடங்கு. தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒன்றாகும் என்பது விதி. எனவே 50-க்கு வர்க்கமூலம் எடுத்தால் ஏழு சொச்சம். அதாவது அவர் 700 மீட்டர் தள்ளி இருந்தாலும், கேமராவின் அலையும் அவருடைய அலையும் அந்தப் பெட்டியில் சம பலத்தில் வந்து விழும். இது திறந்த வெளிக் கணக்கு. கேமரா இடிபாட்டுக்குள் இருக்கிறது, மாடி ஆன்டெனாவுக்கோ மறைப்பு இல்லை. கான்கிரீட் வெறும் 10 டெசிபெல்லை, அதாவது சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை, விழுங்கினாலே அந்த 700 மீட்டர் 2 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வடசேரியிலிருந்தோ கோட்டாறிலிருந்தோ பேசுகிறவர், மீட்புப் பணி நடப்பதே தெரியாமல் அந்தப் படத்தை அழித்துவிடலாம். இதில் ஹாம் சட்டத்தை மீறவில்லை, கேமராக்காரரும் மீறவில்லை. உள்ளே இருப்பவர்தான் மாட்டிக்கொண்டார்.

இதையே மலை மேல் வைத்துப் பாருங்கள். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம், அதாவது அலை நேராகப் போய்ச் சேரும் தூரம், கிலோமீட்டரில் வரும். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் 71 கிலோமீட்டர். வேளிமலைப் பக்கம் அப்படி ஒன்று நின்றால் நம்ம மாவட்டத்தின் பெரும்பகுதி அதன் பார்வைக்குள் வந்துவிடும். மார்த்தாண்டத்தில் ஒருவர் கையிலுள்ள 5 வாட் செட்டில் பேசுவது, ரிப்பீட்டர் வழியாக மாவட்டம் முழுவதும் பெரிய சக்தியோடு வெளியே போகும். அவர் தன் அலை எங்கே விழுகிறது என்று எப்படிக் கவனிப்பார்?

இதை நீங்கள் கையாலேயே உணர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு செய்யுங்கள். கார் ரிமோட் சாவிகளில் பெரும்பாலானவை 433.92 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. நம் நாட்டில் 433 முதல் 434 வரை, 10 மில்லிவாட் போன்ற மிகச் சிறிய சக்திக்கு லைசென்ஸ் தேவையில்லை. நம்ம ஹாம் பேண்ட் அதன் வேலியை ஒட்டி 434-இல் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்று 434.5-இல் குறைந்த சக்தியில் ஒரு நொடி உங்கள் அழைப்புக்குறியை (லைசென்ஸில் தரும் அடையாளப் பெயர்) சொல்லிக்கொண்டே, வீட்டில் வேறொருவரைச் சாவியை அழுத்தச் சொல்லுங்கள். பல கார்களில் கதவு திறக்காது. மைக்கை விட்டதும் 'டக்' என்று திறக்கும். நீங்கள் 433.92-இல் பேசவே இல்லை. அரை மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளித்தான் நிற்கிறீர்கள். ஆனாலும் காருக்குள் இருக்கும் அந்த மலிவான ஏற்பிக்கு (ரிசீவர்) பக்கத்து அலையை வடிகட்டத் தெரியாது; பலமான அலை எது வந்தாலும் திணறிப்போகும். கார் கதவு என்பதால் பரவாயில்லை. அதே மலிவான ஏற்பியைத்தான், தனியாக இருக்கும் வயதானவர்கள் ஆபத்தில் அழுத்தும் கழுத்துப் பொத்தானின் அலையை வாங்கும் பெட்டியிலும் சில கம்பெனிகள் வைத்து விற்கின்றன. மகன் வளைகுடாவில், மகள் பெங்களூருவில், அம்மா மட்டும் வீட்டில் என்று நம்ம மாவட்டத்தில் எத்தனை வீடுகள்! அந்தப் பொத்தானை வாங்கும்போது எந்த அலைவரிசை என்று கேட்கிறவர் யாரும் இல்லை.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு நல்ல வழி செய்திருக்கிறார்கள். 869.20 முதல் 869.25 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்னத் துண்டை எடுத்து, முதியோர் அழைப்புக் கருவிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அகலம் வெறும் 50 கிலோஹெர்ட்ஸ். கதவு மணி, கார் சாவி, தோட்டத்து வானிலைக் கருவி எதுவும் அங்கே வரக்கூடாது. உயிர் காக்கும் கருவிக்கு மரியாதை செய்வதென்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய உதாரணம் நம்ம கடலிலேயே இருக்கிறது. கப்பலும் விமானமும் ஆபத்தில் இருக்கும்போது செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும் பீக்கன்கள் 406.0 முதல் 406.1 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. உலகம் முழுவதும் அந்த 100 கிலோஹெர்ட்ஸ் அதற்கு மட்டும்தான். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 205-ஆம் தீர்மானம் அதைக் காக்கிறது. 2015 மாநாட்டில் அதை இன்னும் இறுக்கினார்கள்: இரண்டு பக்கமும் 100 கிலோஹெர்ட்ஸுக்குத் தரைவழித் தொடர்புகளுக்குப் புதிதாக யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்றார்கள். அதாவது வேலி போட்டதோடு நிற்காமல், வேலிக்கு வெளியேயும் காலி நிலம் விட்டார்கள். இதற்கு முன் 121.5 மெகாஹெர்ட்ஸிலும் பீக்கன்கள் செயற்கைக்கோளைக் கூப்பிட்டன. அங்கே பொய் அழைப்புகள் மலிந்து, எது நிஜம் என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. இரைச்சலுக்கு நடுவே வைத்த உயிர்க்குரல் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒக்கியைச் சொன்னீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி அது குமரிக்கடலில் புயலாக மாறியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் தங்கல் தொழிலில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) இருந்தன. படகிலிருந்த வயர்லெஸ் செட் கடல்சார் விஎச்எஃப். அதில் 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. அலைவரிசையில் குறையில்லை, பாதுகாக்கப்பட்ட இடம்தான். ஆனால் மேலே சொன்ன அதே 4.12 கணக்கைப் போடுங்கள். படகில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, எதிரே இன்னொரு படகிலும் அவ்வளவே என்றால் 25 கிலோமீட்டர்கூட வராது. கரையில் 49 மீட்டர் கோபுரம் இருந்தால் 41 கிலோமீட்டர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தவனுக்கு அந்தச் செட் பக்கத்துப் படகோடு பேசத்தான் உதவும். படகுக்குப் படகு செய்தியைக் கைமாற்றிச் சொன்னால் உண்டு. அந்த நாட்களில் கரையில் காத்திருந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த இடைவெளியை அடைக்கச் செயற்கைக்கோள் வேண்டும், உயரமான கோபுரம் போதாது. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்னும் ஆபத்து அறிவிப்புக் கருவி பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். முதல் தலைமுறைக் கருவியில் செய்தி போனதா என்று படகில் இருப்பவனுக்கு உறுதியாகத் தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறையில் "கிடைத்தது" என்ற பதில் அவன் கைக்கே வரும். நடுக்கடலில் அந்த ஒரு பதிலுக்கு என்ன மதிப்பு என்பதை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஐரோப்பாவின் முதியோர் அழைப்புக் கருவி, 406 பீக்கன், 16-ஆம் சேனல் மூன்றும் தமக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் இருக்கின்றன. அதனால்தான் நான் சொல்கிறேன்: நாளை நம்ம கடற்கரைக்கு ஒரு மீட்பு ரோபோவோ, மீனவர் மேலங்கியில் தைத்த பீக்கனோ வந்து, அதை 434-438க்குள் செருகலாம் என்று யாராவது முன்மொழிந்தால், முதலில் எழுந்து "வேண்டாம், இதைவிட நல்ல இடம் கொடுங்கள்" என்று சொல்ல வேண்டியவர்கள் ஹாம்கள்தான். அங்கே யார், எவ்வளவு சக்தியில், எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்று அறிந்தவர்கள் நாம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் தவறு.

அதே சமயம் எல்லா நேரமும் 'எதிர்ப்பு' என்று கொடிபிடிப்பதும் சரியல்ல. 2007-இல் அமெரிக்க விமானப்படை, கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் உள்ள தன் ஏவுகணை எச்சரிக்கை ராடார்களுக்கு 70 சென்டிமீட்டர் ரிப்பீட்டர்களால் இடையூறு என்றது. அந்த ராடார்கள்தான் அங்கே முதல் உரிமைக்காரர்கள். ரிப்பீட்டர்கள் சக்தியைக் குறைத்தன, முடியாதவை நின்றன. அங்கே அது நியாயம். 2019-இல் ஐரோப்பாவில் வேறு கதை: 144 முதல் 146 வரையை விமானப் பயன்பாட்டுக்கும் ஆராயலாம் என்று பிரான்ஸ் ஒரு யோசனையை வைத்தது. அது ஹாம்களுக்கு முதல் உரிமையுள்ள இடம், உலகத்து ஹாம்கள் அதிகம் கூடும் இடமும் அதுதான். பல நாட்டுச் சங்கங்கள் காரணத்தோடு எழுதின. சில மாதங்களில் அந்த யோசனை கைவிடப்பட்டது. முதல் உரிமையுள்ள இடத்தில் உறுதியாக நிற்பதும், இரண்டாம் நிலையில் உள்ள இடத்தில் கௌரவமாக ஒதுங்குவதும் இரண்டுமே ஹாமுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரோபோ விஷயம் இந்த இரண்டிலும் சேராது. அங்கே வந்தவருக்கும் முதல் உரிமை இல்லை, இருந்தவருக்கும் இல்லை. அதுதான் ஆபத்து.

அப்புறம், மற்றவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிற நாம், நம் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வந்த சீன ஹேண்ட்செட்கள் 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 வரையும் எங்கே வேண்டுமானாலும் பேசும். ஹாம் பேண்ட், போலீஸ், 156.8 ஆபத்துச் சேனல், எல்லாம் அதன் விரல்நுனியில். அதைக் கட்டட வேலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அனுமதியில்லாத செட்டை வைத்திருப்பதே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வாக்கிடாக்கிகளை இணையத்தில் விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. அது நமக்கும் நல்லதுதான். உங்களிடம் அப்படி ஒரு செட் இருந்தால் ஹாம் பேண்டுக்கு வெளியே அனுப்ப முடியாதபடி பூட்டி வையுங்கள். தம்பி தங்கைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் வரும்வரை நீங்களும் அனுப்பும் பொத்தானைத் தொடக்கூடாது.

மலிவு செட்டில் இன்னொரு கேடு, ஹார்மானிக். 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அதன் மூன்று மடங்கான 435-இலும் கொஞ்சம் கசியும். நல்ல செட்டில் வடிகட்டி அதைப் பிடித்துவிடும். மோசமான செட்டில் நீங்கள் 2 மீட்டரில் பேசிக்கொண்டே 70 சென்டிமீட்டரை அழுக்காக்குவீர்கள். 435 முதல் 438 வரை உலகம் முழுக்க ஹாம் செயற்கைக்கோள்கள் இயங்கும் இடம். நம்ம நாட்டு ஹாம்சாட்டுக்கும் 2005-இல் மேலே போனபோது அங்கேதான் தரையிலிருந்து குரல் போனது.

நிவாரண முகாமில் நிற்கும்போது இது இன்னும் முக்கியம். சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துக்கொண்டு போன பிறகு கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் இடையே குரல் கொண்டுபோவதே எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். அதே சுனாமியில் போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானின் குரலை உலகத்துக்குக் கொண்டுவந்தார். வேறு வேலையாக, ஹாம் நிலையம் அமைக்கத்தான் அங்கே போயிருந்தார். கையில் செட் இருந்தது, உடனே வேலையை மாற்றிக்கொண்டார். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம். அப்போது குளச்சலில் ஒரு பள்ளிக்கூட மாடியில் மெரைன் போலீஸ் ஆன்டெனாவும் மீனவர் சங்கத்தின் விஎச்எஃப் ஆன்டெனாவும் உங்கள் ஆன்டெனாவும் ஒரே கம்பத்தில் கட்டப்படும். அப்படிக் கட்டாதீர்கள். இரண்டு அனுப்பிகள் ஒரே நேரத்தில் பேசும்போது, அவற்றின் அலைகள் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். உதாரணத்துக்கு, 151.15-இல் யாரோ பேச, நீங்கள் 145.5-இல் பேசினால், 151.15-ஐ இரட்டித்து 145.5-ஐக் கழித்துப் பாருங்கள்: 156.8. நேராக ஆபத்துச் சேனலில் போய் உட்காரும். யாரும் அங்கே பேசாமலே அது அடைபட்டுப்போகும். ஆன்டெனாக்களை முடிந்தவரை தள்ளி, முடிந்தால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உயர வித்தியாசத்தில் வையுங்கள். சக்தியைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். முகாமில் இருக்கும் மற்ற செட்களின் அலைவரிசைகளை எழுதி வாங்கி இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் அலைவரிசையை முடிவு செய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை.

16-ஆம் சேனலில் ஹாம் பேசலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சாதாரணமாகக் கூடாது. ஆனால் சர்வதேச ரேடியோ ஒழுங்குமுறையின் 4.9 விதி, ஆபத்தில் இருக்கும் நிலையமும் அதற்கு உதவும் நிலையமும் கையில் உள்ள எந்த வழியையும் பயன்படுத்துவதை எதுவும் தடுக்காது என்கிறது. அது நிஜமான உயிராபத்துக்கு மட்டும். 'அவசரம்' என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய அல்ல. பேரிடரின்போது ஹாம்கள் உதவத் தயாராக இருக்க வழிசெய்யும்படி நாடுகளை ஊக்குவிக்கும், 2003 மாநாட்டில் சேர்த்த 25.9A விதியும் இருக்கிறது. நாம் கேட்க வேண்டிய இடங்களும் முன்பே குறித்து வைக்கப்பட்டவை: நம்ம மண்டலத்தில் 3.600, 7.110, 14.300, 18.160, 21.360 மெகாஹெர்ட்ஸ். ஒக்கி மாதிரி ஒன்று வந்தால், 7.110-ஐத் திறந்து வைத்துக் கேளுங்கள். அழைப்பு வந்தால் அன்றி அங்கே பேச வேண்டாம். கடலில் இருப்பவனிடம் அந்தச் செட் இருக்காது என்றாலும், மாவட்டத்துக்கு மாவட்டம், தீவுக்குக் கரை செய்தி போக அதுதான் வழி.

சரி, நாளை உண்மையிலேயே அப்படி ஒரு முன்மொழிவு வந்தால் என்ன செய்வது? தொலைத்தொடர்புத் துறை புதிய ஒதுக்கீட்டு விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும். அதற்குக் கால அவகாசம் கொஞ்சம்தான் இருக்கும். அப்போது "ஹாம்களுக்கு அநீதி" என்று எழுதாதீர்கள். அந்தக் கருவி எவ்வளவு சக்தி, எவ்வளவு அகலம், அதன் ஏற்பி பக்கத்து அலையைத் தாங்குமா, நம்ம நிலையங்கள் எந்தெந்த உயரத்தில் இருக்கின்றன, எவ்வளவு தூரம்வரை படம் கெடும் என்று மேலே போட்ட மாதிரி ஒரு கணக்கோடு எழுதுங்கள். முடிந்தால் தூத்தூரிலோ குளச்சலிலோ கடலுக்குப் போகிற இரண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கருவி யாருக்காக வருகிறதோ அவர்களே அதற்குத் தனி இடம் கேட்டால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும். மறுத்துவிட்டு, அதே பேண்டில் அனுமதித்தே விட்டார்கள் என்றால், அந்தப் பகுதியை நம்ம உள்ளூர் ஹாம்கள் கூடிப் பேசித் தாமாகவே காலி செய்துவிட வேண்டும். 434 முதல் 438 வரை 4 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. நம்ம குரல் ஒன்றுக்கு 12.5 கிலோஹெர்ட்ஸ் போதும். செயற்கைக்கோள்களுக்கான 435-438-ஐ விட்டுவிட்டால் மிஞ்சுவது 434 முதல் 435 வரை 1 மெகாஹெர்ட்ஸ்தான்; அதற்குள்ளும் நகர்ந்துகொள்ள இடம் இருக்கிறது.

லைசென்ஸ் வருவதற்குள் கேட்கப் பழகுங்கள், கேட்பதுதான் இந்த வேலையில் பாதி. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் 437.800-இல் இறங்குகிறது. அது நம்ம தலைக்கு மேல் வரும்போது டாப்ளர் விளைவால் முதலில் 437.810 பக்கம் கேட்கும், போகும்போது 437.790 பக்கம் இறங்கும். வீட்டு மாடியில் கையிலுள்ள ஆன்டெனாவை அதன் பாதையில் திருப்பிக்கொண்டே அந்தக் குரலைப் பிடிக்கப் பாருங்கள். கேட்காமல் போகும் நாளில், அந்த அலைவரிசையில் வேறு என்ன இரைகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, தெருவில் எந்த வீட்டு எல்இடி பல்பு அல்லது இன்வெர்ட்டர் அதற்குக் காரணம் என்று தேடிக் குறித்து வையுங்கள். நாளைக்கு அந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது அந்த நோட்டுப் புத்தகம்தான் உங்களுக்குத் தேவைப்படும்.